மகளுக்கா, மக்களுக்கா?

வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்றத்து அமீனா அந்தத் தட்டச்சு அறைக்கு வருவது புதிதில்லை. வெயில் ஏறினால் வருவார், பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார், யார் வீட்டில் சம்மன் வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்குத் தண்ணீர் குடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து, விரலால் மெல்லத் தள்ளினார்.

“கையெழுத்துப் போடுங்க டைப் அக்கா.”

“யாருக்குண்ணே இது?”

“உங்களுக்குத்தான். சாட்சி சம்மன்.”

பக்கத்து மேசைப் பத்திர எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். “அக்கா, ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தீங்க. இப்ப உங்களையே கூண்டுல ஏத்தறாங்க” என்றார்.

டைப் அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நீதிமன்றத்துக்கு எதிரே, மூன்று மேசை போட்ட அந்த நீள அறையில் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். விற்பனைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை, உயில் என்று எது வந்தாலும் அவள் விரல் வழியாகத்தான் போகும். முதலில் தட்டச்சு இயந்திரம். அது பழையதாகித் துணி போர்த்தி மூலைக்குப் போனதும் கணினி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். அண்ணன் பேச்சைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அண்ணி அதற்கும் சேர்த்துப் பேசுவாள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது எங்கும் நடக்காத அதிசயம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

வேலையில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. எதை அடிக்கிறோம் என்று அவள் படிப்பதே இல்லை. தட்டச்சுப் பள்ளியில் முதல் நாளே ஆசிரியை சொல்லிவிட்டார்: கண் எழுத்தைப் பார்க்கட்டும், விரல் எழுத்தை அடிக்கட்டும், நடுவில் மனசை உட்காரவைத்தால் வேகம் போய்விடும். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கோடி ரூபாய்ச் சொத்தும் ஒன்றுதான், ஒரு கயிற்றுக்கட்டிலும் ஒன்றுதான். “எனக்கு எழுத்து தெரியும், சங்கதி தெரியாது” என்பாள். வாடிக்கையாளர்களுக்கும் அது பிடித்திருந்தது. வீட்டு ரகசியத்தை நம்பிக் கொடுக்கலாம் என்று தேடி வந்தார்கள்.

சம்மன் எதற்கு என்று மறுநாள் வக்கீல் ஒருவர் வந்து சொன்னார். மாவு மில்காரர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரியவர் பேருந்து ஓட்டுநர். சின்னவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மகள்தான் அப்பாவோடு மில்லில் நின்றவர். இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார். அப்பா பதினோரு வருடத்துக்கு முன்பே உயில் எழுதி வைத்திருந்தார். அதன் அடியில் ‘தட்டச்சு செய்தவர்’ என்று இருந்தது டைப் அக்காவின் கையெழுத்து.

வக்கீல் அந்த உயிலின் நகலை நீட்டினார். ஒரே பக்கம். இரண்டு வரியின் கீழ் பென்சில் கோடு.

முதல் வரியில், மில்லையும் அதன் சாமான்களையும் ‘என் மகள்’ என்று சொல்லி, பெயரையும் போட்டு, அவருக்கு எழுதியிருந்தது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாவது வரி இப்படி இருந்தது: ‘நான் குடியிருக்கும் வீட்டை என் மகளுக்கு எழுதி வைக்கிறேன். மேற்படியார் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’

“எங்க கட்சிக்காரங்க ரெண்டு பையன்களும் என்ன சொல்றாங்கன்னா, அப்பா சொன்னது ‘மக்களுக்கு’ம்மா. மூணு பிள்ளைங்களுக்கும். அடிக்கும்போது ஒரு ‘இக்’ விட்டுப்போச்சு.”

“நான் விட்டேன்னு சொல்றீங்களா?”

“விட்டீங்களா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.”

“அந்தாள் எழுதிக் குடுத்த தாள் எங்கே?”

“இல்ல. உங்ககிட்ட இருக்குமோன்னுதான் வந்தேன்.”

அவளிடம் ஏது? எழுதிவந்த தாளை அடித்து முடித்ததும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர், ‘அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், உள்ளே என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டார். உயிலுக்குச் சாட்சி என்றால் அவ்வளவுதான். உள்ளே இருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆக, அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவள் டைப் அக்கா ஒருத்திதான். அவளோ எதையும் படிக்காதவள்.

மில்காரரின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. மாவுதான் நினைவில் இருந்தது. அவர் கொடுத்த தாளின் மடிப்பிலிருந்து மாவு கொட்டி எழுத்துக் கட்டைகளின் நடுவே போய்விட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷால் அரை மணி நேரம் துடைத்தாள். முழங்கைவரை வெளுத்துப்போன ஒரு கை மேசைமேல் இருந்ததும், ஒரு குரலும்கூட நினைவுக்கு வந்தன: “நான் எழுதினதுல ஒரு வார்த்தையும் மாத்தாதீங்கம்மா.”

அன்று மாலை அண்ணியிடம் நகலைக் காட்டினாள். அண்ணி படித்துவிட்டு, “இதுல என்ன குழப்பம்? மகளுக்குன்னா மகளுக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா ரெண்டு பையனை அப்படியே விட்டுட்டா போவாரு மனுஷன்?” என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன்கூட வாயைத் திறந்தார். “நீ தப்பு விடுவியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. தப்பே விடாதவள் என்றுதான் அவளைப் பற்றி ஊரில் பேச்சு. ஆனால் யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

எண்ணிப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். பத்திர எழுத்தர் பழைய நகல்களை வருடவாரியாகத் தைத்து வைத்திருப்பவர். அந்த வருடத்துக் கட்டை வாங்கிப் பிரித்தாள். தினமும் மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் அடித்த பக்கங்களைச் சிவப்புப் பென்சிலோடு படிக்க ஆரம்பித்தாள்.

படித்ததும் வேறொரு சங்கதி நடந்தது. தப்பைத் தேடப் போனவள் கதைகளில் மாட்டிக்கொண்டாள். ஒருவர் தன் கிணற்றில் தம்பி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் இறைக்கலாம் என்று எழுதியிருந்தார். ஒரு பெண், தான் செத்தபிறகு மாமியாரின் கட்டிலை யாருக்கும் தரக் கூடாது, பிரித்து விறகாக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். இத்தனையும் தன் விரல் வழியாகவா போயின? அந்தத் தம்பி இப்போதும் தண்ணீர் இறைக்கிறானா? கட்டிலை நிஜமாகவே பிளந்தார்களா? பத்திர எழுத்தரை நச்சரித்தாள். அவர், “எனக்கென்னக்கா தெரியும், கையெழுத்து வாங்கினா என் வேலை முடிஞ்சுது” என்று கையை விரித்தார்.

பத்து நாளில் இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள் முடிந்தன. ஒன்பது தப்புகள். பெரும்பாலும் ரகர றகரக் குழப்பம். ஓரிடத்தில் ஒரு வரி இரண்டு முறை வந்திருந்தது. ஒன்பதாவது தப்பில் அவள் பென்சில் நின்றது. ‘கிழக்குப் பகம்’ என்று இருந்தது. யாரோ பேனாவால் ஒரு க் நுழைத்துச் சரிசெய்திருந்தார்கள்.

ஆக, விடக்கூடியவள்தான். ஆனால் விடக்கூடியவள் என்பதாலேயே விட்டாள் என்று ஆகிவிடுமா?

இப்போது அவளுக்குத் தன்னைவிட அந்த மில்காரர்மேல் ஆவல் திரும்பியது. அவர் எப்படி எழுதுகிறவர்? தாள் போய்விட்டது. வேறு எங்காவது அவர் கைப்பட எழுதியது இருக்குமே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ கோதுமையைப் பையில் கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி அந்த மில்லுக்குப் போனாள். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டின் முன்பக்கத்திலேயே மில். உள்ளே தூசி மிதந்தது. பெல்ட் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் வாயசைவுதான் தெரியும். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டின்னைத் தூக்கி இயந்திரத்தின் வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகள் அவள்தான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. முழங்கைவரை அதே வெள்ளை.

“புதுசா இருக்கீங்களே?” என்றாள், டின்னை இறக்கிவிட்டு.

“எங்க பக்கத்து மில்லுல மெஷின் ரிப்பேரு” என்றாள் டைப் அக்கா. வாயிலிருந்து பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

“உக்காருங்க. சூடா வரும், ஆறவிட்டு மூடுங்க. இல்லேன்னா கட்டி தட்டிடும்.”

உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்தாள். நான்கு பலகைகள். நீலப் பெயின்ட், பிரஷ்ஷால் எழுதிய கோணல் எழுத்து. ‘பெல்ட் பகத்தில் கை வைகாதே.’ ‘அரைக வந்தவர் வரிசையில் வரவும்.’ ‘குழந்தையைத் தூகிக்கொண்டு உள்ளே வராதே’ என்பதில் பின்னால் வந்த க் மட்டும் வேறு பெயின்ட்டில், வேறு கையால் நுழைக்கப்பட்டிருந்தது. மற்ற எழுத்தெல்லாம் சரி. த்த சரி, ட்ட சரி. அவர் கையால் எழுதியதில் க்க மட்டும் எங்குமே இல்லை.

“போர்டு யார் எழுதினது?”

பெண் சிரித்தாள். “எங்கப்பா. ரெண்டாவதோட நிறுத்திட்டாங்க அவரை. ‘இக்’குன்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது. நான் திருத்தப் போனேன், ஒண்ணோட விடச் சொல்லிட்டாரு. ‘படிக்கறவனுக்குப் புரியுதில்ல, போதும்’னாரு.”

மாவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பேருந்தில் டைப் அக்காவின் விரல்கள் மடியில் தாமாக அசைந்துகொண்டிருந்தன. ‘வார்த்தையை மாத்தாதீங்க’ என்று அவர் சொன்னது வார்த்தையை. எழுத்துப் பிழையை அவள் எப்போதும் கேட்காமலே சரிசெய்துவிடுவாள், விரலின் பழக்கம் அது. அவர் ‘வடகு’ என்று எழுதியிருப்பார். விரல் ‘வடக்கு’ என்று அடித்திருக்கும். ‘வைகிறேன்’ என்பது ‘வைக்கிறேன்’ ஆகியிருக்கும். வீட்டைப் பற்றிய வரியில் ‘மகளுகு’ என்று எழுதியிருப்பார். மகளை நினைத்து எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார். மூன்று பிள்ளைகளை நினைத்து எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார். சொல்லின் கடைசியில் குறைந்த க்கை விரல் போட்டுவிட்டது. முன்னால் ஒன்று குறைகிறதா என்று அது நின்று கேட்கவில்லை. ஏனென்றால் ‘மகளுக்கு’ என்பதும் நல்ல வார்த்தைதானே. பிழையாகத் தெரிந்தால்தானே திருத்துவதற்கு?

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

சாட்சி சொல்லும் நாளில் இதை அப்படியே சொன்னாள். முதலில் தன் ஒன்பது தப்புகளைச் சொன்னாள், பிறகு பலகைகளை. மகன்களின் வக்கீலுக்கே பலகை விஷயம் புதிது. மகளின் வக்கீல் எழுந்தார்.

“வார்த்தையை மாத்தாதீங்கன்னு அவர் கேட்டுக்கிட்டார்னு சொல்றீங்க. அப்புறம் திருத்தவும் திருத்தினேன்னு சொல்றீங்க. எது நிஜம்?”

“எழுத்தைத் திருத்துவேன் சார். வார்த்தையை மாத்த மாட்டேன்.”

“அடிச்ச தாளை அவர் படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்?”

“படிச்சார். ஆனா அவர் கண்ணுல அந்த இக் பட்டிருக்காது.”

நீதிபதி பேனாவை நிறுத்தினார். வெளுத்த தலைமுடி, குறைவாகப் பேசுகிறவர். “அவர் கண்ணைப் பத்தி நீங்க சொல்ல வேண்டாம்மா. உங்க விரலைப் பத்தி மட்டும் சொல்லுங்க” என்றார்.

“என் விரலுக்குத் தெரியாதுங்கய்யா. அது ரெண்டுல எதுன்னு கேக்காமலே அடிச்சிடுச்சு.”

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் மகள் நின்றிருந்தாள். அன்று தலையில் துண்டு இல்லை. டைப் அக்கா தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகப் பார்த்தாள்.

“நில்லுங்க. அன்னிக்கு மாவு அரைக்கத்தான் வந்தீங்களா?”

“மாவும் அரைச்சேன்.”

“பக்கத்து மில்லு ரிப்பேர்னீங்க.”

“அது பொய். உங்கப்பா எழுத்தைப் பாக்கணும்னு வந்தேன். நேரா கேட்டா காட்டுவீங்களோ மாட்டீங்களோன்னு பயம்.”

“கேட்டிருந்தா காட்டியிருப்பேன்” என்றாள். கோபத்தைவிட அது அதிகமாகச் சுட்டது. பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “ரெண்டு வருஷமா அப்பா எனக்குன்னுதான் எழுதினார்னு நெனச்சுட்டிருந்தேன். வீட்டுக்காக இல்ல. கூடவே நின்னேனே, அதைப் பாத்திருக்காருன்னு. இப்ப அதுவும் தெரியாமப் போச்சு.”

“மில்லுக்கு உங்க பேர் போட்டிருக்காரே” என்றாள் டைப் அக்கா. “அந்த வரியை நான் நல்லாப் பாத்தேன். மூணு பிள்ளைங்கள்ல உங்க பேர் ஒண்ணுதான் அந்தத் தாள்ல இருக்கு.”

நீதிமன்றம் ஒருவரை அனுப்பி நான்கு பலகைகளையும் படம் பிடிக்க வைத்தது. இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. பலகைகளால் மட்டும் எதுவும் முடிவாகாது, அந்தச் சொல் இரண்டாகவும் இருந்திருக்கலாம் என்று மட்டுமே அவை காட்டுகின்றன என்றார் நீதிபதி. ஆனால் உயிலுக்குள்ளேயே விடை இருக்கிறது என்றார். மில்லைக் கொடுக்கும்போது மகளைப் பெயர் சொல்லிக் கொடுத்தவர், வீட்டையும் அவருக்கே கொடுப்பதாக இருந்தால் ‘மில்லையும் வீட்டையும்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார். தனியாக, பெயரில்லாமல் இன்னொரு வரி எழுதியது வேறு யாரையோ சேர்த்துக்கொள்ளத்தான். வீடு மூன்று பேருக்கும் சமம். மில் மகளுக்கு மட்டும்.

மகள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வீட்டை யாரும் விற்கவுமில்லை. சின்னவர் தன் பங்கென்று மாடிக்குக் குடிவந்தார். காலை ஆறு மணிக்குப் பெல்ட் ஓட ஆரம்பித்தால் மாடித் தரை அதிரும்; அடுக்கி வைத்த பாத்திரம் தானாக நகரும். நாலே மாதத்தில், பழைய வாடகை வீடே தேவலை என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இதை டைப் அக்காவுக்குச் சொன்னது அமீனாதான். அவருக்கு எல்லா வீட்டுக் கதையும் எப்படியோ வந்துசேரும்.

டைப் அக்கா இப்போது அடிப்பதையெல்லாம் படிக்கிறாள். வேகம் குறைந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது கேள்வி கேட்கிறாள் என்று சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்றாவது மேசையில் தட்டச்சு செய்பவரிடம் போய்விடுகிறார்கள். ‘மேற்படியார்’ என்ற சொல்லை அவள் அடியோடு விட்டுவிட்டாள். “யாருன்னு சொல்லுங்க, பேரைப் போடறேன்” என்கிறாள்.

போன மாதம், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வந்தார். கல்யாணம் காட்சி இல்லாதவர். தன் வீட்டைத் தங்கைக்கு என்று எழுதிவந்திருந்தார்.

“எந்தத் தங்கச்சிம்மா? பேர் போடலையே.”

“ரெண்டு பேர் இருக்காங்க.”

“அதான் கேக்கறேன். யாருக்கு?”

நர்ஸ் தாளைக் கையில் வாங்கி, தான் எழுதியதைத் தானே புதிதாகப் படிப்பதுபோலப் படித்தார். பிறகு அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“யோசிச்சுட்டு வரேன்” என்றார்.

இன்னும் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டைப் அக்கா விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். பெரிய தங்கையா, சின்னவளா என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.